தேய்கிற குழந்தை

"இன்னைக்கும் மூணு மணிக்குக் கிளம்பிட்டாளா?" என்றார் மேனேஜர்.

"கிளம்பிட்டா சார்."

"ஒரு மாசம்னு சொல்லித்தான் விட்டேன். நீட்டிக்கிறதா வேண்டாமான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

மேற்பார்வைக்காரி தலையாட்டினாள். அவள் பெற்ற இரண்டும் அவள் வேலை முடிந்து வரும்வரை அழுதுகொண்டு காத்திருந்தவைதான். அவளுக்கு யாரும் சலுகை தரவில்லை.

அது மருந்து பாட்டில் கம்பெனி. இருட்டறையில் விளக்குப் பெட்டி முன்னால் ஒவ்வொரு பாட்டிலாகப் பிடித்து, உள்ளே தூசி மிதக்கிறதா என்று பார்க்கிற வேலை. அதில், மூணு மணிக்குக் கிளம்பும் அந்தப் பெண்ணை மிஞ்ச ஆளில்லை. பட்டப்பெயரே கழுகு.

பிரசவ லீவு முழுசும் முடிந்து வந்த அன்றே கேட்டாள். "காலையில சீக்கிரமே வந்துடறேன்க்கா. மூணு மணிக்கு விட்டுடுங்க. அங்க பசிக்கும்."

ஆனால் அவள் போனில் குழந்தை படம் ஒன்றுகூட இல்லை. பேர் என்ன என்றால், "இன்னும் வைக்கலைக்கா" என்பாள்.

போன வாரம், "அவன் ஒன்றரைக் கிலோ ஆயிட்டான்க்கா" என்றாள். இந்த வாரம், "அவ ஒரு கிலோகூட இல்லைக்கா. உறிஞ்சத் தெம்பில்லை" என்றாள்.

"அக்கா, புள்ளை வளரும். இப்படித் தேயுமா? அது என்ன சோப்பா?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. யாரும் சிரிக்கவில்லை.

மூணு மணி நெருங்கினால் கழுகின் மேல்கோட்டு மார்பில் நனைந்திருக்கும். அதை மட்டும் பொய் என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் மேற்பார்வைக்காரி அரை நாள் லீவு போட்டாள். கவுனா சட்டையா என்று தெரியாமல், ஒரு கிலுகிலுப்பையை வாங்கிக்கொண்டு கழுகின் வீட்டுக்குப் போனாள்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கழுகின் மாமியார் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மேற்பார்வைக்காரி மெல்ல எட்டிப் பார்த்தாள். மடிப்புக் கலையாத துணி. வேறொன்றும் இல்லை.

"குழந்தை எங்கேம்மா?"

"பொறந்த மூணாம் நாளே போயிட்டானே." தொட்டில் நிற்கவில்லை. "இது அசையாம தொங்கினா எனக்குத் தாங்கலை. அதான் ஆட்டுறேன்."

மேற்பார்வைக்காரி கிலுகிலுப்பையைச் சத்தம் வராமல் பைக்குள் வைத்தாள்.

"அப்ப உங்க மருமக மூணு மணிக்கு ஓடி வர்றது?"

"இங்க எங்கே வர்றா? பசிக்கிற இடத்துக்குப் போறா. பெரியாஸ்பத்திரியில போய்ப் பாருங்க."

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அரை இருட்டு. விளக்குப் பெட்டிகளுக்குள் உள்ளங்கை அளவில் குறைமாதக் குழந்தைகள், வரிசையாக. ஆணும் பெண்ணுமாக. தாய்க்குப் பால் சுரக்காதவை, தாயே இல்லாதவை.

நர்ஸ் கையில் ஒரு சின்னப் பாட்டில். அப்போதுதான் கறந்து கொடுத்த பால். பக்கத்தில் கழுகு, அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் தூசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பியவள் முகம் வெளுத்தது.

"நாலு மணிக்கு மேல பால் வாங்க மாட்டாங்கக்கா. உண்மையைச் சொன்னா, புள்ளை இல்லாதவளுக்கு எதுக்குச் சலுகைன்னு கேட்டுடுவாங்கன்னுதான்..."

மேற்பார்வைக்காரி கண்ணை மூடி, கடவுளே என்று ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வந்த வழியே திரும்பினாள்.

காலையில் மேனேஜர் கூப்பிட்டார். "அவ வீட்டுக்கே போனீங்களாமே. ஊரெல்லாம் ஒரு மாதிரி பேசுது. நிஜமாவே குழந்தைன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். என் கண்ணால பார்த்தேன். ரொம்பச் சின்னது, பசி தாங்காது. நீட்டிச்சுடுங்க."