ஆறில் எந்த இரண்டு?

"இந்தப் பெட்டியைக் குடுத்துட்டு வந்துடுங்க அண்ணே. நான் ஏதாவது சொன்னேனான்னு அவர் கேட்டா, ஒன்னும் சொல்லலைன்னு சொல்லுங்க."

அந்த அம்மா இப்படிச் சொன்னதும் ஆய்வுக்கூடத்து ஸ்டோர்காரருக்கு மனசு கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இங்கேயே சேர்ந்து வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டி. மேல்மாடியில் மனைவி சில்லு தயாரிப்பார். கீழ்த்தளத்து இருட்டறையில் கணவர் அதன்மேல் லேசர் வெளிச்சத்தைப் பாய்ச்சி அளப்பார். இப்போது ஒன்பது நாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மனைவி அக்கா வீட்டுக்கே போய்விட்டார்.

போன வருஷம் இருவரும் வெளியிட்ட கட்டுரை தப்பென்று தெரிந்து, திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இந்த முறையும் சறுக்கினால் ஆய்வுக்கூடத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். சண்டை போட வேறு நேரமா கிடைக்கவில்லை?

கணவர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"எப்படி இருக்கா?" என்றவர், உடனே கையை ஆட்டினார். "வேணாம், சொல்லாதீங்க."

"என்ன சார் இப்படி ஒரு வீம்பு? அப்படி என்னதான் இருக்கு இந்தப் பெட்டியில?"

"ஆறு சில்லு. வெளிச்சம் பட்டா உள்ள இருக்கிற ஒரு எலக்ட்ரான் இடத்தை விட்டு எழுந்திரிக்கும். ஆனா அதுவும் அது விட்டுட்டு வந்த காலி இடமும் ஒன்னையொன்னு விடாது, சேர்ந்தே சுத்தும். அந்த ஜோடிக்கு எக்ஸைட்டான்னு பேரு."

"எலக்ட்ரானுக்கு இருக்கிற புத்தி மனுஷனுக்கு இல்லையே சார்."

கணவர் சிரித்துவிட்டார். "அந்த ஜோடி இறுக்கமா இருக்கணும்னா மெல்லிசான படலத்துக்குள்ள அடைக்கணும். ஒரு தலைமுடியைப் பத்தாயிரமா வகுந்தா வர்ற கனம்தான். குவாண்டம் கிணறும்பாங்க. அதை என் பெண்டாட்டி மாதிரி சுத்தமா செய்ய இந்த உலகத்துல ஆள் கிடையாது."

"இதை அவங்ககிட்ட சொல்லலாமே."

அவர் காதில் வாங்கவில்லை. "ரெண்டு பக்கமும் கண்ணாடி வச்சு வெளிச்சத்தை உள்ளயே பிடிச்சு வச்சா, வெளிச்சமும் ஜோடியும் கலந்து எது எதுன்னே சொல்ல முடியாது. அப்போ திரையில ஒரு கோடு ரெண்டாப் பிரியும். இந்த ஆறுல ரெண்டுலதான் கிணறு இருக்கு. எந்த ரெண்டுன்னு நான் சொல்லணும்."

"அம்மாவைக் கேட்டா நொடியில சொல்லிடுவாங்க."

"கேக்க மாட்டேன்."

சாயங்காலம் ஒரு சீட்டில் 'இரண்டு, ஐந்து' என்று எழுதி ஒட்டிக் கொடுத்தார். ஸ்டோர்காரர் மாடியேறிப் போய்ச் சீட்டைக் கொடுத்தார். கூடவே நாள் கணக்காக அடக்கி வைத்திருந்த புத்திமதியையும் சொன்னார்.

"குடும்பம்னா விட்டுக்கொடுத்துத்தான் போகணும்மா."

மனைவி சீட்டைப் பிரித்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். தடதடவென்று படியிறங்கி ஓடி, இருட்டறைக்குள் நுழைந்து கணவரைக் கட்டிக்கொண்டார். இருவருக்கும் கண்ணில் தண்ணீர்.

மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்த ஸ்டோர்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"நம்ம பேச்சுக்கும் ஒரு மரியாதை இருக்கு. எப்படியோ சண்டை தீர்ந்துச்சே."

"சண்டையா?" என்றார் மனைவி. "ரெண்டையும் சரியாச் சொல்லிட்டார். போன வருஷம் அளக்கும்போது நான் பக்கத்துலயே இருந்தேன். எதுல கிணறு இருக்குன்னு என் முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டார், இல்லாத கோடும் அவர் கண்ணுக்குத் தெரிஞ்சிடுச்சு. இந்தத் தடவை திரையை மட்டும் பார்க்கட்டும்னுதான் அண்ணே, ஒன்பது நாளா நான் அவர் கண்ணுல படாம இருந்தேன்."