ஊறுகாய்ப் போத்தல்

நான் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. உடுப்புக் காயப்போடத்தான் வேலியடியில் நிற்கிறேன். எங்கள் ரோவில் புறநகரின் மத்தியான வெயில் பக்கத்து வீட்டுக் கராஜுக்குள் நீளமாக விழுகிறது. குலேந்திரன் அண்ணை துவக்குச் சுடுகிற கிளப்காரர். சுட்ட வெறுங்கோதுகளில் திரும்ப வெடிமருந்தடைத்துத் தன் ரவைகளைத் தானே செய்கிறவர். மனைவி சுகந்தினி அக்காவின் கையில் ஓர் ஊறுகாய்ப் போத்தல். அதற்குள் மிளகளவு ப்ரைமர்கள் ஆயிரம் மினுங்குகின்றன. துவக்கின் ஊசி குத்தியதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கிற சாமான் அது. பெட்டிகள் இடத்தை அடைக்குதென்று போத்தலில் கொட்டியவரும் அண்ணைதான், "இதைப் பிடியும்" என்று நீட்டியவரும் அண்ணைதான். பார்க்க வந்த கிளப் நண்பர் தயாபரனின் முகம் வெளிறிப் போகிறது. "அண்ணை, இதைப் பெட்டியை விட்டு எடுக்கவே கூடாது! ஒண்டு வெடிச்சா எல்லாம் வெடிக்கும். அக்கா, அசையாதேங்கோ." அக்கா சிரிக்கிறா. "இருபத்திரண்டு வருசமா அசையாமல்தானே தம்பி நிக்கிறன்." வளையல் போத்தலில் உரசிக் கிணுங்குகிறது. "மெதுவாப் பிடியும், உமக்கு எப்பவும் அவசரம்!" அண்ணையின் குரல் காருக்குப் பின்னாலிருந்து வருகிறது. எப்போது அங்கே போனாரோ, எல்லாம் கவனிக்கிற நானே கவனிக்கவில்லை. அக்கா போத்தலைப் பார்க்கவில்லை. அந்தக் காரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறா.