மூன்றாவது பலகை

"மாதாவே, எம்பொண்ணு பலகை ஒண்ணுகூட உடையக் கூடாது!" பாப்பாரப்பட்டி வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினாள் மிக்கேலம்மாள். கத்தாழை நாரையும் ரெசின் பசையையும் சேர்த்து மகள் பிளசி செய்த மூன்று பலகைகளுக்கு இன்று கல்லூரியில் சோதனை.

மாலையில் சோதனைக்கூடத்திலிருந்தே பிளசி போன் செய்தாள்.

"தண்ணியில ஊறவெச்சது என்னாச்சு?"

"உடைஞ்சிருச்சும்மா."

"வெயில்ல காயவெச்சது?"

"அதுவுந்தான்."

மிக்கேலம்மாள் மாதா படத்தைப் பார்த்தாள். "மூணாவது?"

"அது உடையவே மாட்டேங்குதும்மா!" பிளசி அழாத குறையாகச் சொன்னாள்.

"மாதா கைவிடல!"

"அய்யோ! எவ்ளோ எடைக்கு உடையுதுன்னு பாக்கறதுதாம்மா டெஸ்ட்டே! உடையலைன்னா ரிசல்ட்டே இல்ல!"

மிக்கேலம்மாள் அவசரமாகக் கைகூப்பினாள். "தாயே, காலையில கேட்டதை மறந்துரு. உடைச்சுக் குடுத்துரு!"

போன் ஸ்பீக்கரில் 'படார்' என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் பதறி ஓடி வந்தாள்.

"என்னாங்க உடைஞ்சிருச்சு?"

"எல்லாமேங்க!" என்று சர்க்கரை டப்பாவை நீட்டினாள் மிக்கேலம்மாள்.