மீட்டர் பொய் சொல்லாது

"ஒத்த ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு லிட்டரா? வீட்டுல யானை எதுவும் கட்டிப் போட்டிருக்கீங்களா?"

தெருவின் தண்ணீர்ச் சிக்கனக் கமிட்டித் தலைவர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்தான். கையில் மீட்டர் நோட்டு. உடம்பில் வெள்ளைச் சட்டை. மடிப்பில் விரலை வைத்தால் கீறிவிடும்.

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். "வாங்க சார். நாற்காலியில துணி கிடக்கு, தள்ளிட்டு உட்காருங்க."

"உட்கார வரலை. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள காரணம் சொல்லலைன்னா உங்க குழாய்க்கு இனிமே ஒரு மணி நேரம்தான் தண்ணி. கமிட்டி முடிவு."

"ஒரு மணி நேரத்தை வெச்சு நான் எப்படி சார் பொழைக்கிறது? கமிட்டியில வேற யார்கிட்டயாவது பேசிப் பார்க்கலாமா?"

"வேற யாரும் இல்லை. மத்தவங்களுக்கு அக்கறை பத்தாது. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அச்சச்சோ."

"தினமும் காலையில ஆறு மணிக்குக் கிளம்பி தெரு முழுக்க மீட்டர் பார்க்கிறேன். யாருக்காக?"

"தெரியும் சார். எட்டு மணிக்குத்தான் திரும்புவீங்க."

"என் வீட்டைப் பாருங்க. நாலு பேர். எழுபது லிட்டர். குளியலுக்கு ஆளுக்கு மூணு குவளை. நான் வெளிய நின்னு எண்ணுவேன்."

"குளிக்கும்போதா?"

"சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன். போன மாசம் பெரிய பையன் நாலாவது குவளை மோந்தான். கதவைத் தட்டிட்டேன்."

"நுரையோடயா?"

"நுரை துண்டுல போயிடும்."

தையல்காரி ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். தலையைக் குனிந்துகொள்ள அது வசதியாக இருந்தது.

"தோட்டத்துக்கு ஒரு சொட்டு நல்ல தண்ணி கிடையாது. அரிசி கழுவினது, காய் அலசினது. அதுலயே ரோஜா எப்படிப் பூத்துத் தள்ளுது, பார்த்தீங்களா?"

"பார்க்கிறேன் சார். ஊரே காய்ஞ்சாலும் உங்க ரோஜா மட்டும் வாடலை."

"அதுக்கு மனசு வேணும். இந்தச் சட்டையைப் பாருங்க. அரை வாளியில துவைச்சது. கொக்கு தோத்துடும்."

"அரை வாளிக்கு இவ்வளவு வெளுப்பு வராதே சார்."

"வீட்டுக்காரியோட கைராசி. கல்யாணமான புதுசுல தண்ணியை வாரி இறைப்பா. நான்தான் திருத்தினேன். இப்பல்லாம் குழாய்ப் பக்கமே போறதில்லை." குரலைச் சற்றுத் தாழ்த்தினார். "நாளைக்கு 'சிக்கனக் குடும்பம்' விருது எங்களுக்குத்தான்."

"அடடே! யார் சார் தேர்ந்தெடுத்தது?"

"கமிட்டி."

எச்சரிக்கைத் தாள் ஒன்றை நீட்டினார். "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. மனுஷன் பொய் சொல்லுவான். மீட்டர் சொல்லாது."

"சொல்லாது சார்." அவள் தாளை வாங்கித் துணிமேல் வைத்தாள். "ஆனா இதுல கையெழுத்துப் போடணும்னா ஒருத்தங்களைக் கேட்கணும்."

"நீங்களே தனிக்கட்டை. யாரைக் கேட்கணும்?"

அந்த நேரம் பின்பக்கம் ஒரு குழாய் திறந்தது. தண்ணீர் வாளியில் சொட்டவில்லை, கொட்டியது. குவளைகளை எண்ணிப் பழகிய காது அவருடையது. முகம் சிவந்தது.

"யாரு அது? இப்படித் திறந்து விட்டா அறுநூறு என்ன, ஆயிரமே ஆகும்! நான் இங்க நிக்கும்போதே இந்தக் கூத்தா?"

"சார், நில்லுங்க. நானே கூப்பிடுறேன்."

அவர் நிற்கவில்லை. துணி மூட்டைகளைத் தாண்டி, கொல்லைக் கதவைத் தள்ளினார். நோட்டை விரித்துப் பேனாவையும் திறந்துகொண்டார்.

கொல்லைக் குழாய் ஒன்றில் மாட்டியிருந்த பச்சை ரப்பர் குழாய் மதிலேறி, அந்தப் பக்கம் அவருடைய ரோஜாச் செடிகளுக்கு இறங்கியிருந்தது. கொடியில் அவருடைய பையன்களின் துண்டுகள். அவற்றை ஒட்டி, அவருடைய வெள்ளைச் சட்டைகள் ஐந்து, சொட்டச் சொட்ட.

துவைக்கிற கல்லின் முன்னால், முழங்கை வரை நுரையோடு அவர் மனைவி நிமிர்ந்தாள். பதறவில்லை.

"வந்துட்டீங்களா? அப்படியே அந்தச் சட்டையையும் கழட்டிக் குடுங்க. நாளைக்கு விருது வாங்கப் போகணுமில்ல?"