கடைசி வரிசை அத்தை

எரிமலை வெடித்ததும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் செய்த முதல் காரியம், மாமியாரின் கையைப் பிடித்ததுதான்.

பாசத்தால் அல்ல. "எங்கம்மாவை விட்டுட்டு வந்தீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!" என்று கத்திவிட்டு, மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாள்.

மலையைப் பார்க்கத்தான் குடும்பத்தோடு வந்தார்கள். மலையும் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டது.

பட்டப்பகல் இருண்டு சாம்பல் கொட்டியது. கூட்டம் மொத்தமும் ஒரே நிறம். துண்டால் தலையையும் வாயையும் சுற்றியிருந்த மாமியாரை இழுத்துக்கொண்டு, மனைவி ஏறிய பேருந்திலேயே தொற்றிக்கொண்டார். கடைசி வரிசையில்தான் இடம்.

பாதை தெரியவில்லை. ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டினார். மாஸ்டரின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

இனி பிழைப்பது சந்தேகம் என்று தோன்றியதும் அவருக்கு வாய் திறந்துகொண்டது.

"அத்தை, இன்னிக்குக் கேட்டுடறேன். நான் வண்டியை எடுத்தாலே பின் சீட்டுலேர்ந்து 'பார்த்து, பார்த்து'ங்கறீங்க. ஊர்ல பாதிப் பேருக்கு ஓட்டக் கத்துக்குடுத்தவன் நான். அவ்வளவு மட்டமாவா ஓட்டறேன்?"

கண் கலங்கியது. சாம்பல் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மாமியார் பதில் பேசாமல் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். கல்யாணமான நாளாக அப்படியொரு ஆறுதலை அவர் கண்டதில்லை. துணிச்சல் வந்து, மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

அடிவாரத்தில் பேருந்துகள் வரிசையாக நின்றன. குழாயடியில் முகம் கழுவி மாமியார் நிமிர்ந்தார்.

மூக்குத்தியைக் காணோம். மூக்கே வேறு.

"எங்க மாப்பிள்ளை வாயே திறக்க மாட்டார், தம்பி," என்றார் அந்த அம்மாள். "நீங்க பேசப் பேச நல்லாத்தான் இருந்துச்சு."

மாஸ்டர் மலையைத் திரும்பிப் பார்த்தார். அது இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அத்தை மேலேயே நின்றுவிட்டார்களா? மகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி திரும்புவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். ஒவ்வொரு பேருந்தாக எட்டிப் பார்த்து ஓடினார்.

கடைசிப் பேருந்தின் படியில் கால் வைத்தபோது அந்தக் குரல் கேட்டது.

உள்ளே மாமியார், வாயே திறக்காத ஓர் ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க மாப்பிள்ளை ஓட்டினா தொட்டில்ல போட்ட மாதிரி இருக்கும். ஏறினதுமே கண்ணைச் சொக்கும். மாப்பிள்ளை வண்டியில மாமியார் குறட்டை விட்டா மரியாதையா இருக்குமா? அதான், தூக்கம் வர்றப்பல்லாம் 'பார்த்து, பார்த்து'ன்னு சொல்லிக்குவேன்."

மாஸ்டர் வைத்த காலைச் சத்தமில்லாமல் பின்னுக்கு எடுத்தார்.

கொஞ்ச தூரம் திரும்பி நடந்தார். பிறகு அங்கிருந்தே, "அத்தை! அத்தை!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தார்.