பச்சைக்கு வந்த பிள்ளை

பிள்ளைகளின் மெலிவைச் சிவப்பு, பச்சை நிறங்களில் காட்டும் அளவுப் பட்டையை நடுப்பிள்ளையின் கையில் சுற்றிப் பார்த்த நர்ஸுக்கு வாயெல்லாம் பல்.

“பச்சைக்கு வந்துட்டான்மா! இனிமே கவலையில்ல. சத்துமாவு பாக்கெட்டை நிறுத்திடலாம்.”

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. “இன்னும் ஒரே ஒரு மாசம் குடுங்கக்கா.”

“பிள்ளை தேறினதுக்குச் சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு! எலும்பும் தோலுமா சிவப்புல இருக்கிற பிள்ளைக்குத்தான் மாவு. என் கையில என்ன இருக்கு?”

ஆனாலும் நர்ஸின் மனசை ஒன்று அரித்தது. முதலில் மூத்தவன் சிவப்பில் இருந்தான். அவன் தேறிய மறுமாசமே இவன் வாடினான். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறார்கள், பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. பிறகு எந்த நோய் இப்படி ஆள் மாற்றி ஆள் பிடிக்கிறது?

“சின்னவளையாவது பத்திரமா பார்த்துக்கோ” என்று அவளுடைய கொழுகொழு கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் கிளம்பினாள்.

தெருமுனைக்குப் போனதும்தான் பட்டையை மறந்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே பையன்கள் இருவர் தட்டிலும் சாப்பாடு இருந்தது. சின்னவள் தட்டில் ஒரே ஒரு பிடி. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் வேணும்” என்று சின்னவள் சிணுங்கினாள்.

மூத்தவன் நர்ஸின் பட்டையை எடுத்துத் தங்கையின் கையில் சுற்றி, நிறத்தைப் பார்த்தான்.

“அழாத பாப்பா. யாராவது ஒருத்தர் சிவப்புல இருந்தாத்தான் நம்ம எல்லாருக்கும் மாவு வரும். நான் இருந்தேன், இவன் இருந்தான். இப்ப உன் முறை.”