பெட்டிய மூடிகினு போனவரு

எல்லாரும் நல்லா கீறீங்களா? கால்வலி, சளி ஒண்ணும் இல்லியே? சரி, இதக் கேளுங்க.

"அழுவாதமே. ஷேர் ஆட்டோல எல்லாரும் உன்னியே பாக்குறாங்க."

"பாக்கட்டும்ணா. நான் பாதி பாட்டு கூட முடிக்கல, அந்தப் பெரியவரு டிரம்பெட் பெட்டிய டப்புனு மூடிகினு வெளிய போய்ட்டாரு!"

மதி மடியில சாக்ஸபோன். அதுவும் புளியந்தோப்பு பேண்டு செட்டுக்காரரு கிட்ட எரவல் வாங்குனது. பக்கத்துல அவ அண்ணன் ஜெயவேலு.

ராயபுரம் சர்ச்சு ஹாலுல ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஜாஸ் கிளப்பு நடக்கும். சம்பளத்துக்கு யாரும் கெடயாது. ஹார்பருக்குப் போறவங்க, ரயில்வேக்காரங்க, அவங்களே வந்து நாற்காலி போடுவாங்க, டீ ஊத்துவாங்க. மொதல்ல புதுசா வர்ற புள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு பாட்டு. அப்பால பெரிய கையி, பேரெடுத்த ஆளு ஒருத்தரு வாசிப்பாரு. இன்னிக்கு பெரிய கையி அந்த டிரம்பெட்காரரு அம்புரோஸு. கூட்டமே அவருக்காக வந்ததுதான்.

"எனுக்கு நல்லாத்தான் கேட்டுச்சி"ன்னான் ஜெயவேலு.

"உனுக்கு இன்னா தெரியும்? அவரு எந்திரிச்சு போவசொல்ல ஹாலே கை தட்டுச்சே, பாக்கலியா? என்னிய வெரட்டத்தான தட்னாங்க? அதான் நிறுத்திட்டு சைடு கதவால வந்துட்டேன்."

"அப்ப நாளிக்கு?"

"வூட்ல சொன்னதுதான். இன்னிக்கு தேறுனா சாக்ஸபோனு, இல்லாட்டி மாத்தூர் கம்பெனி வேல. நாளிக்கே போறேன். இத நீயே திருப்பிக் குட்த்துடு."

போன் அடிச்சிது. கிளப்பு நம்பரு. மதி எடுக்கல. சிம்மையே கழட்டி ரோட்டுல வுட்டெறிஞ்சா.

அங்க அம்புரோஸு தெருவெல்லாம் தேடிட்டு மூச்சு வாங்க ஹாலுக்கு வந்தாரு. "ஆளயே காணோம். போனு எடுத்துச்சா?"

"இல்லண்ணா, கட்டாயிடுச்சி"ன்னா டீ ஊத்துற எல்சி.

"நம்ம கிளப்பு வழக்கத்த அந்தப் பொண்ணுக்கு யாரும் சொல்லலியா?"

"பாரி சொல்லிருப்பான்னு நெனச்சேன்."

நாற்காலி மடக்கிகினு இருந்த பாரி நிமிரவேல்ல. "நீ சொல்லிருப்பன்னு நான் நெனச்சேங்க்கா."

மூடுன பெட்டிய மடியில வெச்சிகினு அம்புரோஸு அப்பிடியே குந்திட்டாரு.

"இத்தினி வருசத்துல நான் யாருக்குமே மூடுனதில்ல எல்சி. பெரியவன் பெட்டிய மூடிகினு வெளிய போனா, 'என் நேரமும் உனுக்குத்தான், கடைசி வரைக்கும் நீயே வாசி'ன்னுதான அர்த்தம்?"

நீங்க வாசிக்கசொல்ல யாராச்சும் எந்திரிச்சுப் போயிருந்தா, ஏன் போனாங்கன்னு கேட்டீங்களா? எழுதுங்க.